தகட்டுக்கு அடியில் இருந்த சிவப்பு

பதினோரு ஸ்க்ரூ இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பதுதான் இருந்தன. அதிலும் நான்கு துருவேறித் தலை தேய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் கழற்றினேன். கிட்டாரின் நெஞ்சில் ஒட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு கையோடு வந்தது. வெளியே பார்த்த இடமெல்லாம் கறுப்பு. தகட்டுக்கு அடியில் சிவப்பு. வெயிலும் வியர்வையும் படாத, நேற்று அடித்ததுபோன்ற சிவப்பு. ஸ்க்ரூ துளைகளின் ஓரத்தில் அந்தச் சிவப்பும் பெயர்ந்து, உள்ளே வெளிர்நீலம் தெரிந்தது.

நான் கார் பெயின்டர். அப்பாவும் அதே தொழில்தான். விழுப்புரத்தில் ஒரு டிங்கர் பட்டறையில் முப்பது வருஷம் ஸ்ப்ரே கன் பிடித்தவர். பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் அவர் கூடவே நின்று, தண்ணீர் வாளியும் வாட்டர் பேப்பருமாக நானும் கற்றுக்கொண்டேன். இப்போது தளவானூரில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டிருக்கிறேன். கார் கதவு, புல்லட் டேங்க், எப்போதாவது ஒரு டிராக்டர் பானெட் வரும். கிட்டார் வந்தது இதுதான் முதல் தடவை. அம்மாவின் தம்பி, என் மாமா, ஒரு பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கொண்டுவந்து பெஞ்சின் மேல் வைத்தார்.

"மாப்ள, பேத்தி கத்துக்கணும்ங்குது. சுரண்டிட்டு ஏதாவது நல்ல கலரா அடிச்சுக் குடு."

சுரண்டுவது எனக்கு அரைநாள் வேலை. ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்தபின் கை ஓடவில்லை. அது கார்ச் சிவப்பு. அந்த நிறம் கிட்டாரின்மேல் எப்படி வந்தது என்று யோசிக்கப்போய், என் தொழிலின் கதை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டியதாகிவிட்டது.

எங்கள் பட்டறைகளில் காருக்குப் பெயின்ட் அடிப்பதை "டூகோ அடிக்கிறது" என்பார்கள். அப்பா அப்படித்தான் சொல்வார். டூகோ என்பது பொதுச்சொல் என்றே நானும் பல வருஷம் நினைத்திருந்தேன். அது அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1923-இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஒரு பெயின்டின் பெயர். அதற்கு முன்பு கார்களுக்கு எண்ணெய் வார்னிஷ் வகைதான். ஒரு வண்டிக்குக் கோட்டிங் மேல் கோட்டிங்காக அடித்துக் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அத்தனை வண்டியையும் கூரைக்கடியில் தூசி படாமல் நிறுத்திவைக்க வேண்டும். ஃபோர்டு கம்பெனி பத்து வருஷத்துக்கு மேல் தன் மாடல் டி வண்டியைக் கறுப்பு ஒன்றில் மட்டுமே விற்றது.

டூகோவின் மூலப்பொருள் பஞ்சு. பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் ஆகும். முதல் உலகப்போரில் துப்பாக்கி மருந்தாக மலைமலையாகச் செய்யப்பட்டது அதுதான். பழைய சினிமாச் சுருளும் அந்தக் குடும்பம். சட்டென்று தீப்பிடிக்கிற குணமும் அதனால் வந்ததுதான். போர் முடிந்தபிறகு டூபாண்ட் அதைக் கரைத்துப் பெயின்டாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்கள் முதலில் டூகோ நீலத்தைப் பூசிக்கொண்டு வெளியே வந்தன. வாரக்கணக்கில் காய்ந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. நிறத்துக்கும் பஞ்சம் தீர்ந்தது. நாங்கள் "என்.சி. பெயின்ட்" என்று சுருக்கிச் சொல்வது இந்த நைட்ரோசெல்லுலோஸைத்தான்.

அதன் குணத்தைக் கையால் பழகினவருக்குத்தான் அது புரியும். எனாமல் காற்றோடு சேர்ந்து இறுகுவது. காய்ந்தபின் திரும்பிக் கரையாது. என்.சி. அப்படி இறுகுவதில்லை. அதிலுள்ள தின்னர் ஆவியாகிப் போகிறது, மீதி நிற்கிறது, அவ்வளவுதான். நாற்பது வருஷம் கழித்துத் தின்னர் நனைத்த பனியன் வேஸ்ட்டால் துடைத்தாலும் இளகிவிடும். மேலே புதிதாக ஒரு கோட்டிங் அடித்தால் பழையது லேசாகக் கரைந்து அதோடு ஒன்றாகிவிடும். கீறலோ பள்ளமோ விழுந்த இடத்தை மட்டும் நிரவிச் சேர்த்துவிடலாம். இந்த மன்னிக்கிற குணத்துக்காகவே பழைய ஆட்கள் அதை விடாமல் வைத்திருந்தார்கள்.

கிட்டாருக்கு வருவோம். கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர் லியோ ஃபெண்டர். வயிறு குடைந்த பெட்டியாக இல்லாமல், ஒரே பலகையில் அறுத்த மின்கிட்டாரை அவர் 1950-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மாமாவின் கிட்டார் எந்த உருவத்தின் நகலோ, அந்த ஸ்ட்ராடோகாஸ்டர் 1954-இல் வந்தது. அது ஆரம்பத்தில் நடுவில் மஞ்சள், விளிம்பில் கருமை என்று, சூரியன் அடங்குவதுபோன்ற பூச்சில் வந்தது. வேறு நிறம் வேண்டுகிறவர்கள் விலைக்குமேல் 5 சதவீதம் கொடுத்தால் அவர்கள் கேட்ட நிறத்தில் அடித்துக் கொடுத்தார்கள். "கஸ்டம் கலர்" என்று இன்று கிட்டார்க்காரர்கள் கொண்டாடுவது அங்கே தொடங்கியதுதான்.

அந்த நிறங்களுக்கு ஃபெண்டர் எங்கே போனார்? கார் பெயின்ட் கடைக்குத்தான். டூபாண்டின் டூகோ டப்பாவும், பிறகு வந்த லூசைட் என்ற அக்ரிலிக் டப்பாவும் அப்படியே கிட்டாருக்கு வந்தன. ஃபியஸ்டா ரெட் என்பது ஃபோர்டு தண்டர்பேர்டு காரின் சிவப்பு. லேக் பிளாசிட் புளூ கேடிலாக் காரின் நீலம். சர்ஃப் கிரீன் செவர்லே காரின் பச்சை. அந்தச் சிவப்பைத் தானே ஒரு பெயின்ட் கடைக்குப் போய்க் கலக்கச் சொல்லி வாங்கியதாக லியோவின் கூட்டாளி ஜார்ஜ் ஃபுல்லர்டன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1959-இல் லண்டனில் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட் அமெரிக்காவிலிருந்து ஒரு சிவப்பு ஸ்ட்ராடோகாஸ்டரைத் தருவித்து, தன் குழுவின் ஹாங்க் மார்வினிடம் கொடுத்தார். அதைப் பார்த்துப் பல இங்கிலாந்துப் பையன்களுக்கு மின்கிட்டார் என்றாலே சிவப்பு என்றாகிவிட்டது.

இதில் என்னை நிறுத்திவைத்த செய்தி வேறு. ஃபெண்டர் தொழிற்சாலையில் அவசரத்துக்கு, ஏற்கெனவே சூரியப் பூச்சுப் பூசி முடித்த பலகையின் மேலேயே கேட்ட நிறத்தை அடித்து அனுப்பியதும் உண்டு. அந்தத் தொழிற்சாலையிலேயே இரண்டு அடுக்கு. மேலே சிவப்பு உதிர்ந்து உள்ளே மஞ்சள் தெரிந்தால் அதைப் போலி என்று தள்ளமுடியாது, இரண்டும் அசல்தான். இன்னொன்று: கழுத்துக் கட்டையின் அடியில் தேதியைப் பென்சிலால் எழுதிவைப்பது அங்கே வழக்கம். கழுத்தைச் செதுக்கிய தாதியோ கோமெஸின் டி.ஜி. என்ற இரண்டு எழுத்தை இன்று தேடிப்பிடித்து விலை பேசுகிறார்கள். உள்ளே ஒயர் இணைத்த பெண்கள் சிறு டேப் துண்டில் தங்கள் பெயரை எழுதி ஒட்டினார்கள். மேரி, குளோரியா. கிட்டாரைக் கழற்றுகிறவன் கண்ணுக்கு மட்டும் படுகிற பெயர்கள்.

மாமாவின் கிட்டார் கல்கத்தாவில் செய்தது. 1982-இல் மெட்ராஸில் வாங்கினார். இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் வரியும் கழுத்தை நெரித்த காலம் அது. 1842-இலிருந்து இசைக்கருவி விற்றுவரும் மியூசி மியூசிக்கல் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று வெளிநாட்டுக் கிட்டாரைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த காசுக்குக் கல்கத்தாச் சரக்கை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியதாகச் சொல்வார். "அன்னக்கிளி" 1976-இல் வந்து இளையராஜாவின் பாட்டு ஊரெங்கும் பரவியிருந்தது. 1982-இல் "பயணங்கள் முடிவதில்லை" வந்தது. கல்யாண வீடு, கோயில் திருவிழா, கட்சி மாநாடு எல்லாவற்றுக்கும் லைட் மியூசிக் குழு வேண்டும். குழுவுக்கு ஒரு கிட்டார் வேண்டும். மாமா விழுப்புரம் குழு ஒன்றில் சேர்ந்தார். செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை என்று லாரியில் சுற்றினார். கிட்டாருக்கென்று தனி ஆம்ப்ளிபயர் கிடையாது. மைக் செட்டுக்காரரின் பெட்டியிலேயே சொருகிக்கொள்வார்.

"அப்ப எல்லாரும் செவப்புதான் கேட்டாங்க மாப்ள. மேடையில டியூப் லைட் கீழ நீலம் எடுபடல. உங்கப்பாகிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். ஒரு அம்பாசடருக்குக் கலக்குனது மிச்சம் இருந்துச்சு."

மாமா இதைச் சொன்னபோது நான் ஏற்கெனவே உள்ளே பார்த்துவிட்டிருந்தேன். வால்யூம், டோன் திருகிகள் உட்காரும் குழியில், ஒயருக்குப் பின்னால், தச்சர் பென்சிலால் எழுதியிருந்தது: 14-3-85. பக்கத்தில் ஒரு "கோ". அப்பா வேலை முடித்த ஒவ்வொரு காரிலும் கதவின் உள்பலகையைக் கழற்றி, தகரத்தில் இதே மாதிரி எழுதுவார். முதலாளிக்குத் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது. "மறுபடி கழட்றவன் ஒரு பெயின்டராத்தான் இருப்பான், அவனுக்குத் தெரிஞ்சா போதும்" என்பார். அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ஃபுல்லர்டன் ஊர்ப் பெண்களைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க வழியே இல்லை. ஒரே தொழிலின் மனசு இரண்டு கண்டங்களில் ஒரே வேலையைச் செய்திருக்கிறது.

எங்கள் ஊரில் பெயர் பற்றி நினைக்காமல் இருக்கமுடியாது. வயலைத் தாண்டிப் போனால் பாறைக் குன்று. பஞ்சபாண்டவர் மலை என்பார்கள். அதன் தென்முகத்தில் ஒரே பாறையைக் குடைந்த குகைக்கோயில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்தது. சத்ருமல்லன் என்ற தன் பட்டத்தால் அதற்குச் சத்ருமல்லேசுவராலயம் என்று பெயர் வைத்தான். வாயிலுக்கு மேலே மகர தோரணம், இரண்டு ஓரத்திலும் வாயிற்காவலர்கள். வடமொழியில் ஒரு சுலோகமும் தமிழில் ஒரு பாட்டும் வெட்டியிருக்கிறார்கள். தமிழ்ப் பாட்டைச் சொன்னவர் பெயரும் அங்கேயே உண்டு, செல்லன் சிவதாசன். அரசன் பெயர் இருக்கிறது, புலவர் பெயர் இருக்கிறது. தோரணத்தின் மகர வாயை அவ்வளவு நுட்பமாகச் செதுக்கிய கைக்குப் பெயர் இல்லை. சின்ன வயசில் ஆடு மேய்க்கப் போனபோதெல்லாம் அந்த உளித்தடத்தை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைக்கு அங்கே இருக்கும் கையெழுத்து அது ஒன்றுதான்.

மகேந்திரனுக்கு இன்னொரு பட்டம் சித்திரகாரப்புலி. பக்கத்து மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று வெட்டிவைத்த அரசனுக்கு, ஓவியர்களில் புலி என்ற பட்டத்தின்மேலும் ஆசை. அவன் குகையில் இன்று நாம் பார்ப்பது வெறும் கல். பல்லவர் நிறத்தைப் பார்க்கவேண்டுமென்றால் எங்கள் பக்கத்துப் பனமலைக்குப் போகவேண்டும். ராஜசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலில், குடைக்குக் கீழே தலை சாய்த்து நிற்கும் பார்வதியின் ஓவியம் சிதைந்தும் சிதையாமலும் இருக்கிறது. சுவரின் சுண்ணாம்புப் பூச்சு எங்கே பிடித்துக்கொண்டு நின்றதோ அங்கே மட்டும் அவள் இருக்கிறாள். பூச்சு போன இடத்தில் அவளும் போய்விட்டாள்.

தஞ்சைப் பெரியகோயிலின் செய்தி எனக்கு இன்னும் நெருக்கம். கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடையில் நாயக்கர் கால ஓவியங்கள் இருந்தன. 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி, மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு ஓவியம் இருப்பதைக் கண்டார். அது ராஜராஜன் காலத்துச் சோழ ஓவியம். இனி என்ன செய்வது? அடியில் இருப்பது ஆயிரம் வருஷப் பழசு என்பதற்காக மேலே இருப்பதைச் சுரண்டி எறிந்துவிடலாமா? நாயக்கர் ஓவியரும் ஓவியர்தானே. பிற்பாடு தொல்லியல் துறை வேதியியலாளர்கள், மேல் ஓவியத்தைப் பூச்சோடு சேர்த்து உரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகையில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். அடியில் இருந்ததும் வெளிவந்தது, மேலே இருந்ததும் பிழைத்தது.

அதைப் படித்த நாளிலிருந்து நான் எந்த வண்டியையும் பார்த்தவுடன் சுரண்டுவதில்லை. முதலில் ஒரு ஓரத்தில், ஐந்து பைசா அளவுக்கு, படிப்படியாகத் தேய்த்துப் பார்ப்பேன். வளையம் வளையமாக நிறங்கள் வரும். மரத்தை அறுத்தால் தெரியும் ஆண்டு வளையம்போல அது ஒரு வண்டியின் வாழ்க்கை. கிட்டாரில் நான்கு வளையம் வந்தது: மரத்தின்மேல் மஞ்சளோடிய சீலர், கல்கத்தாவின் வெளிர்நீலம், அப்பாவின் சிவப்பு, தொண்ணூறுகளில் யாரோ பிரஷ்ஷால் இழுத்த கறுப்பு எனாமல்.

பேத்திப் பெண்ணைக் கூப்பிட்டு வளையத்தைக் காட்டினேன். சிவப்பையே திரும்பக் கொண்டுவரலாம் என்றேன். என் ஆசை அதுதான். அவள் விரலால் நான்கு நிறத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே கை நீட்டினாள். கொட்டகைக்கு அப்பால் நாற்று விட்டிருந்தார்கள்.

"சித்தப்பா, எனக்கு அந்த நாத்தங்கால் பச்சை வேணும்."

எனக்கு வருத்தம் வரவில்லை. மாமா மேடைக்காகச் சிவப்பு கேட்டார், அப்பா கொடுத்தார். கேட்கிறவர் ஆசைக்குக் கலந்து கொடுப்பதுதான் கஸ்டம் கலர் என்ற வழக்கத்தின் உயிர். நியூயார்க் மாநிலத்து லேக் பிளாசிட் ஒரு நீலத்துக்குப் பெயர் ஆகலாம் என்றால், தளவானூர் நாற்றங்கால் ஒரு பச்சைக்கு ஏன் ஆகக்கூடாது?

கறுப்பு எனாமலை ஹீட் கன் காட்டி, மழுங்கிய பட்டிக் கத்தியால் தூக்கினேன். பழைய சிவப்பு, மஞ்சள் பெயின்டுகளில் ஈயம் இருந்திருக்கும். அதனால் உலர்த்தேய்ப்பு செய்யாமல், மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு தண்ணீர் விட்டே தேய்த்தேன். அடிபட்டுப் பள்ளம் விழுந்த இடங்களில் என்.சி. பட்டி பார்த்தேன். தகடு மறைக்கும் பரப்பு முழுவதையும் டேப் ஒட்டி மூடிவிட்டேன். அங்கே அப்பாவின் சிவப்பும் அதற்கு அடியில் இருப்பவையும் அப்படியே இருக்கட்டும். இப்போதெல்லாம் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பி.யூ. பெயின்ட்தான் எங்கள் தொழிலில் வழக்கம். கல் மாதிரி நிற்கும், பளபளப்பும் அதிகம். ஆனால் நாளைக்கு இதைத் திறக்கிறவனுக்கு அது வழிவிடாது. கரைந்து கொடுக்கிற என்.சி.யையே எடுத்தேன்.

ஷேடு பிடிக்க மூன்று காலை ஆயிற்று. நாற்றங்கால் பச்சை என்பது எலுமிச்சை மஞ்சள்; அதில் நீலம் ஒரு குச்சி முனையளவு, வெள்ளை கொஞ்சம். குச்சி கொஞ்சம் தாராளமாகப் போனால் கிளிப்பச்சை ஆகிவிடும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம் என்பதால், தகரத் துண்டில் அடித்துக் காயவைத்து, நாற்றுக்குப் பக்கத்தில் குத்திவைத்துக் காலை வெயிலில் பார்த்தேன். மூன்றாம் நாள் தகரம் எது, நாற்று எது என்று எட்டடி தூரத்தில் தெரியவில்லை.

ஐப்பசி ஈரம் ஒருமுறை ஏமாற்றியது. மழை விட்ட சாயங்காலத்தில் அடித்த கோட்டிங் வெள்ளையாகப் பூத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வருவது அது. இரண்டு நாள் பொறுத்து, நல்ல வெயிலில், மெதுவாகக் காயும் ரிடார்டர் கலந்து மேலே மெல்லிசாக ஒரு ஊது ஊதினேன். பூத்தது உள்ளே கரைந்து, பச்சை தெளிந்து வந்தது. பிறகு மூன்று வாரம் தொடாமல் தொங்கவிட்டு, 1000, 1500, 2000 என்று வாட்டர் பேப்பரை மாற்றித் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுத் துணியால் ஏற்றினேன்.

மின்வேலையில் பெரிய பழுதில்லை. மூன்று பிக்கப் சுருள்களும் மீட்டரில் ஆறு கிலோஓம் பக்கம் காட்டின. முடியைவிட மெல்லிய அந்தக் கம்பி நாற்பது வருஷம் அறாமல் இருந்திருக்கிறது. வால்யூம் திருகியையும் ஜாக்கையும் மாற்றி ஈயம் வைத்தேன். மின்கிட்டாரில் ஒலியைப் பிடிப்பது காந்தமும் கம்பிச்சுருளும்தான். பச்சை அடித்ததால் பாட்டு இனிக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பெண் அதைக் கையில் எடுக்கப் போவது இந்தப் பச்சைக்காகத்தான்.

மூடும் முன் தச்சர் பென்சிலைச் சீவினேன். 14-3-85 என்பதற்குக் கீழே அன்றைய தேதியையும், என் எழுத்தையும், மஞ்சள், நீலம், வெள்ளை மூன்றின் அளவையும் எழுதினேன். அடுத்துக் கழற்றுகிறவர் ஒரு பெயின்டராகத்தான் இருப்பார். தகட்டை வைத்து, செஞ்சிக் கடையில் வாங்கிவந்த புது ஸ்க்ரூ இரண்டையும் சேர்த்து, பதினொன்றையும் முடுக்கினேன்.